முதலில் கேட்டவர்

வெப்பமானியைச் சூடான நீரில் வைத்தால் பாதரசம் உடனே ஏறுவதில்லை. முதலில் ஒரு மயிரிழை இறங்கும், பிறகுதான் ஏறும். பாதரசத்துக்கு முன்பே கண்ணாடிக்குச் சூடு பட்டு அது விரிந்துகொள்வதுதான் காரணம். பாடப்புத்தகம் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டதில் இயற்பியல் ஆசிரியை வசந்தாமணிக்கு ஒரு தனிச் சந்தோஷம் இருந்தது. ஒவ்வொரு வருடமும் பிளஸ் டூ பிள்ளைகளை வெப்பமானியைச் சுற்றி நிறுத்தி, கண்ணை எடுக்காமல் பார்க்கச் சொல்வாள். பார்த்தவர்களில் யாராவது ஒருவர் ஏன் என்று கேட்பார். அந்த ஒரு சொல் காதில் விழுவதற்காகத்தான் விடுதி வாசமும் ஞாயிற்றுக்கிழமைத் தேர்வுகளும் நிறைந்த இந்த வேலையில் தான் இருப்பதாக அவள் நினைத்துக்கொள்வாள்.

பள்ளி, நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் போகும் வழியில், கோழிப்பண்ணைகளுக்கு நடுவே இருந்தது. பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மதிப்பெண்ணோடு திரும்ப அழைத்துப்போகும் வகை உறைவிடப் பள்ளி. அங்கே மனப்பாடம் செய்யத் தெரியாத பிள்ளை ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்காது. ஆகவே, மனப்பாடத்தை ஒழிக்கப்போகிறோம் என்று சொல்லி அரசு எல்லா மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வினாமானி என்ற கருவியை அனுப்பியபோது, அதை முதலில் பிரித்துப் பார்த்தவளும் வசந்தாமணிதான், முதலில் மகிழ்ந்தவளும் அவள்தான்.

பார்வைக்கு அது சோறு வைக்கும் ஹாட்பாக்ஸ் போல இருந்தது. மேலே ஒரு ஒலிவாங்கி, பக்கத்தில் ஒரு ஒலிபெருக்கி, அவ்வளவுதான். உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வகுப்பில் நின்றுகொண்டு, "இன்னிக்கு மத்தியானம் மெஸ்ஸுல சோத்துக்கு..." என்று இழுத்து நிறுத்தினாள். அறுபது வாயும் ஒன்றாக "சாம்பார்" என்றது. வினாமானி செய்வதும் இதைத்தான் என்றாள். நீங்கள் வாயைத் திறக்கும்போதே அடுத்து என்ன சொல்வீர்கள் என்று அது ஊகித்துக்கொண்டே வரும். இதுவரை மாநிலத்தில் எந்தப் பிள்ளை அதனிடம் என்ன கேட்டிருந்தாலும் அது அதற்கு நினைவிருக்கும். அது ஊகித்ததையே நீங்கள் கேட்டால் மதிப்பெண் இல்லை. ஊகிக்க முடியாததைக் கேட்டால், அதுவும் உளறலாக இல்லாமல் சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வியாக இருந்தால், முழு மதிப்பெண். அது பதில் சொல்லாது. பதில் சொல்வதற்குத்தான் ஊரில் ஆயிரம் கருவிகள் இருக்கின்றனவே. கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை யார் என்று பார்ப்பது மட்டும்தான் இதன் வேலை.

பிளஸ் டூ முடிவில் சுயசிந்தனைத் தாள் என்று ஒன்று வந்தது. மாணவர் தனியாக ஓர் அறையில் வினாமானியின் முன் உட்கார்ந்து மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எழுத ஒன்றும் இல்லை.

முதல் வருடம் திருவிழாவாக இருந்தது. கொல்லிமலைப் பக்கத்து அரசுப் பள்ளிப் பையன் ஒருவன், பலாப்பழம் எந்தப் பக்கம் வெயில் படுகிறதோ அந்தப் பக்கம்தான் முதலில் பழுக்கிறதா, திருப்பி வைத்தால் தெரியுமே என்று கேட்டு, பெரிய பெரிய பள்ளிகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளினான். இரண்டாம் வருடம் கேள்வி விற்கிறவர்கள் வந்துவிட்டார்கள். மூன்றாம் வருடம் பள்ளிகளே விழித்துக்கொண்டன. ஏனென்றால் கருவியில் ஒரு விஷயம் இருந்தது. அதை வசந்தாமணியின் வகுப்பில் முதல் நாளே கண்டுபிடித்தவள் செம்மலர்.

செம்மலர் கடைசிப் பிரிவான எஃப் பிரிவில் இருந்தாள். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்து, இலவச இடத்தில் வந்தவள். அப்பா மாரப்பன் குஞ்சு பொரிப்பகம் ஒன்றில் முட்டைத் தட்டு மாற்றுகிற வேலை பார்த்தார். சேர்க்கும் நாளில் வசந்தாமணியிடம் வந்து, "இதுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திங்க டீச்சர். எதப் பாத்தாலும் ஏன் எதுக்குங்கும். வீட்டுல எங்களால பதில் சொல்லி மாளலீங்க, நீங்க பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்.

அந்த வருடப் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கும் வசந்தாமணி அதே சாம்பார் கதையைச் சொல்லி முடித்ததும் அவள் எழுந்தாள்.

"ஒருத்தர் கேட்டதுக்கு அப்புறம் அதே கேள்விய இன்னொருத்தர் கேட்டா என்னாகும் மிஸ்?"

"அதுக்குத்தான் அது தெரிஞ்சுபோச்சே கண்ணு. ரெண்டாவது ஆளுக்கு ஒண்ணும் கெடைக்காது."

"ரெண்டாவது ஆளும் சொந்தமா யோசிச்சிருந்தாலுமா?"

அது எப்படி அதற்குத் தெரியும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வசந்தாமணி அடுத்த பாடத்துக்குப் போனாள்.

அந்த ஒரு விஷயத்திலிருந்துதான் எல்லாம் முளைத்தது. கேள்வி முதலில் யார் வாயிலிருந்து வருகிறதோ அவருக்குத்தான் சொந்தம் என்றால், கேள்வியை வெளியே விடக்கூடாது. பக்கத்துக் கட்டில்காரியிடம்கூட விடக்கூடாது. பள்ளிச் சுவரில் பெரிய எழுத்தில் 'சிந்தி' என்று வண்ணம் தீட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே வார்டன் ஓர் அட்டை ஒட்டினார்: 'சிந்தித்ததை வெளியில் பேசாதே.' பார்க்க வரும் பெற்றோர்கள் முறுக்கும் தட்டைவடையும் கொடுத்துவிட்டு, பிள்ளையின் காதில், பஸ்ஸில் யாரிடமும் வாயைக் கொடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பயிற்சிக்கென்று வினாமானியை இயக்கினால் கேட்ட கேள்வி மாநிலம் முழுக்கப் போய்விடும் என்பதால், கருவியை அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்கு எடுத்துப் பொட்டு வைத்தார்கள்.

செம்மலர் பிளஸ் டூவுக்கு வந்த வருடமும் வசந்தாமணி வெப்பமானியைச் சூடான நீரில் வைத்தாள். பாதரசம் இறங்கியது. சுற்றி நின்ற அத்தனை கண்களும் அதைப் பார்த்துவிட்டன என்பது அவளுக்குத் தெரிந்தது. ஒருவன் புருவத்தைச் சுருக்கினான். ஒருத்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். யாரும் பேசவில்லை. கிடைத்ததைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போகிறவர்கள்போலக் கலைந்தார்கள்.

செம்மலர் மட்டும் கேட்டாள். மற்றப் பிள்ளைகள் அவளைப் பார்த்த பார்வை, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் போனவளைப் பார்ப்பது போல இருந்தது.

அன்று சாயங்காலம் வசந்தாமணி அவளை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டாள். அரசின் ஐந்தாண்டு அறிவியல் ஆராய்ச்சிப் படிப்புக்குச் சுயசிந்தனைத் தாளை மட்டும் வைத்துத்தான் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னாள். சோறும் தங்குமிடமும் படிப்பும் இலவசம். செம்மலருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. அது கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருந்தது. அப்பா வேலை செய்யும் பொரிப்பகத்திலேயே ஆண் குஞ்சையும் பெண் குஞ்சையும் பிரித்துப் போடும் வேலைக்கு மேஸ்திரியிடம் சொல்லிவைத்திருந்தார்கள்.

"அதனால இனிமே வகுப்புல எதுவும் கேக்காத, அம்மிணி. தோணுனா இங்க வந்து என்கிட்ட மட்டும் சொல்லு."

பத்தொன்பது வருட வேலையில் ஒரு பிள்ளையிடம் கேட்காதே என்று அவள் சொன்னது அதுதான் முதல்முறை.

செம்மலர் அப்படியே செய்தாள். வகுப்பில் மற்றவர்களைப்போலப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் சாயங்காலம் ஆய்வகத்துக்கு வருவாள். வந்ததும் மூச்சு வாங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவாள். அவற்றில் மூன்றை இருவருமாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒன்று மூக்கைப் பற்றியது. பண்ணை எருவின் நாற்றம் புதிதாக வருகிறவர்களுக்குத்தான் தெரியும், இங்கேயே இருப்பவர்களுக்குத் தெரியாது. மறந்துபோனது மூக்கா, மூளையா? ஒரு மூக்குத் துளையை அடைத்துக்கொண்டு நாற்றத்தில் நின்று பழகிவிட்டு, பிறகு அடைத்ததைத் திறந்து இன்னொன்றை மூடினால்? நாற்றம் புதிதாக அடித்தால் மறந்தது மூக்கு, அடிக்காவிட்டால் மூளை. இதைக் கேட்ட அன்று வசந்தாமணி ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். ஒரு கைக்குட்டையைத் தவிர வேறு கருவியே தேவைப்படாத சோதனை.

இன்னொன்று பொரிப்பகத்தைப் பற்றியது. அந்தப் பெட்டிக்குள் பகலும் இல்லை, இரவும் இல்லை. அங்கே பிறக்கும் குஞ்சுக்கு எப்போது தூங்குவது என்று யார் சொல்வது? ஒரு தட்டு முட்டைக்கு மட்டும் விளக்கை ஏற்றி அணைத்து வந்தால், அந்தத் தட்டுக் குஞ்சுகள் மட்டும் ஒன்றாகத் தூங்குமா?

மூன்றாவது கேள்வி வகுப்பறையிலேயே கிடைத்தது. வரையறைகளை அறுபது பேர் சேர்ந்து உரக்கச் சொல்லும்போது யாரும் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. ஆனாலும் போகப் போக எல்லோரும் ஒன்றாக வேகம் கூடுகிறார்கள். ஒரு வேகக்காரன் இழுக்கிறானா, கூட்டமே தானாக ஓடுகிறதா? ஒவ்வொருவராக வெளியே அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி, அந்தப் பள்ளியின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அங்கே நல்ல கேள்வி எங்கே கண்ணில் பட்டாலும், அது வேறு பள்ளித் தேர்வுத்தாளில் இருந்தாலும், பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்தாலும், சனிக்கிழமைக் கூட்டத்தில் கொண்டுவந்து கொஸ்டின் பேங்கில் சேர்க்க வேண்டும். திங்கட்கிழமை காலை அது நகலாகி எல்லாப் பிரிவுக்கும் போய்விடும். இதை யாரும் கட்டாயமாக நினைக்கவில்லை. சட்டைப் பொத்தான் போடுவது போலக் கை தானாகச் செய்யும் காரியம். கேள்வி எத்தனை பேருக்குப் போகிறதோ அத்தனைக்கு நல்லது என்பது ஆசிரியர்களின் எலும்பில் ஊறியிருந்தது. விடையைத்தான் ஒளிப்பார்கள், கேள்வியை யாராவது ஒளிப்பார்களா?

தை மாதக் கூட்டம் ஒன்றில் தாளாளர் நல்லசிவம் வசந்தாமணியைப் பார்த்தார். கோழித் தீவன வியாபாரத்திலிருந்து பள்ளி நடத்த வந்தவர். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. எஃப் பிரிவில் ஒரு பெண் நன்றாகக் கேட்கிறாளாமே, நல்ல கேள்வி என்றால் எப்படியிருக்கும் என்று மற்ற ஆசிரியர்களுக்கு ஒரு மாதிரி காட்டக்கூடாதா என்றார். இது ஆசிரியர்களோடு நிற்கும் அல்லவா என்று வசந்தாமணி கேட்டாள். "பின்னே?" என்றார் அவர்.

அவள் பலகையில் எழுதினாள். மூக்குக் கேள்வியை எழுதி, அது ஏன் நல்ல கேள்வி என்று விளக்கினாள். இரண்டு ஊகங்களையும் ஒரே சோதனையில் பிரித்துவிடும் அழகை விளக்கினாள். தமிழாசிரியர்கூடப் பேனாவை மூடிவிட்டுக் கவனித்தார். அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுத்ததையும் எழுதினாள். அதற்கடுத்ததையும் எழுதினாள். செம்மலரின் வாக்கியங்களை அங்கங்கே இழுத்துச் சீராக்கி, மூக்கை வாசலாகவும் மூளையை வீட்டுக்காரனாகவும் வைத்து 'மறந்தது வாசலா, வீட்டுக்காரனா?' என்று தன் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்தாள். அந்தப் பள்ளியில் அவள் எடுத்த பாடங்களிலேயே அதுதான் சிறந்தது. எழுதியது தவறு என்று அன்று ராத்திரியோ மறுநாளோ ஒருமுறைகூட அவளுக்குத் தோன்றவில்லை.

சுயசிந்தனைத் தாளின் நாள் வந்தது. வினாமானியை பீரோவிலிருந்து எடுத்து, கண்ணாடித் தடுப்புப் போட்ட அறையில் வைத்தார்கள். ஏ பிரிவிலிருந்து ஆரம்பித்து வரிசையாகப் பிள்ளைகள் வந்தார்கள். வசந்தாமணிக்கு உள்ளே கண்காணிப்பாளர் வேலை. வருகிற பிள்ளையின் முகத்தையும் அடையாள அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்து, பொத்தானை அழுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

காலையிலேயே நிதர்சன் வந்தான். லாரிக் கம்பெனிக்காரர் மகன், நல்ல பையன், பாடத்தில் சுமார். நேராக உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒப்பிக்கும் குரலில் எருவின் நாற்றத்தைப் பற்றிக் கேட்டான். முடிக்கும்போது, "மறந்தது வாசலா, வீட்டுக்காரனா?" என்றான்.

வசந்தாமணிக்குத் தன் குரலே பின்னாலிருந்து கேட்டது போல இருந்தது.

"இது புதிய கேள்வி," என்றது வினாமானி. "இதற்கு முன் எவரும் கேட்டதில்லை. முழு மதிப்பெண்."

அவன் வெளியே போகும்போது வாசலில் நின்று, தான் நன்றாகச் சொன்னேனா என்று அவளிடம் கேட்டான். அது யாருடைய கேள்வி என்று அவனுக்குத் தெரியாது என்பது முகத்திலேயே இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இன்னொண்ணு மிஸ். சளி புடிச்சு ஒரு மூக்கு அடைச்சிருந்தா தானாவே இந்தச் சோதனை நடந்துருமில்லீங்களா? சளி வந்தவங்கள விசாரிச்சாலே போதுமே. இத வெளிய சொல்லலாமுங்களா, வீணாப் போயிருமா?"

அவள் அடுத்த பிள்ளையின் அட்டைக்குக் கை நீட்டினாள். அவன் தலையாட்டிவிட்டு, வாயை மூடிக்கொண்டு போனான்.

அடுத்த பத்துப் பிள்ளைகளுக்குள் அறுபது பேர் சேர்ந்து சொல்லும் வரையறையும் வந்தது, இருட்டுப் பெட்டிக் குஞ்சும் வந்தது. மூன்றும் மூன்று ஏ பிரிவுப் பிள்ளைகளின் பேரில் புதியவை ஆயின. எஃப் பிரிவின் முறை சாப்பாட்டுக்குப் பிறகு.

இடைவேளை விட்டதும் அவள் தாளாளர் அறைக்குப் போனாள். நல்லசிவம் எழுந்து நாற்காலி காட்டினார். அவள் உட்காரவில்லை. ஆசிரியர்களோடு நிற்கும் என்று சொன்னீர்களே என்றாள். ஆசிரியர்கள்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள், பிறகு எதற்கு ஆசிரியர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். கோபம் இல்லாமல்தான் கேட்டார்.

"அது அந்தப் புள்ளையோட கேள்விங்க சார்."

"தெரியும் மேடம். நீங்கதானே பேரோட சொன்னீங்க." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நான் ஒண்ணு கேக்கறேன், நெதானமாப் பாருங்க. அந்தப் பொண்ணு யோசிக்கிற பொண்ணு. மூணு போனா இன்னும் மூணு யோசிச்சுக்கும். இந்தப் பசங்களுக்கு அது முடியாதுங்களே. முடியாதவனுக்குக் குடுத்தா தப்புங்களா?"

அந்தப் பேச்சில் எங்கோ ஓர் ஓட்டை இருந்தது. பத்தொன்பது வருடம் பிள்ளைகளுக்கு ஓட்டை கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தவளுக்கு, வேண்டிய நேரத்தில் அது கைக்கு அகப்படவில்லை.

"மத்தியானம் டூட்டி இருக்குது பாருங்க, சாப்பிட்டுட்டுப் போங்க," என்றார் நல்லசிவம்.

செம்மலர் மெஸ்ஸுக்கு வெளியே தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். தேர்வுக்கு முன்னால் மாணவரோடு ஆசிரியர் பேசக்கூடாது என்பது விதி. வசந்தாமணி அவளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அழைத்துப்போய், நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். தான் கொடுத்தது, பலகையில் எழுதியது, காலையில் கேட்டது, எல்லாவற்றையும்.

செம்மலர் தட்டிலிருந்து நீர் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணுமுங்களா மிஸ்?"

"மூணும்."

"நல்லா இருக்குதுன்னுதானே காமிச்சீங்க?"

"ஆமா சாமி."

"சரிங்க மிஸ்."

அவள் திட்டியிருந்தால் வசந்தாமணி பிழைத்திருப்பாள். இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று செம்மலர் கேட்டாள். ஒரு மணி நேரம்போல இருக்கிறது என்றதும் படியில் உட்கார்ந்துகொண்டாள். ஈரத் தட்டு மடியில் இருந்தது. வசந்தாமணிக்கு அருகில் உட்கார்ந்து ஏதாவது எடுத்துக்கொடுக்கத் தோன்றியது. இந்தத் தொட்டியைப் பற்றி, இந்த நீர்ச் சொட்டைப் பற்றி, எதையாவது. அவள் வாயைத் திறக்கும் முன்பே செம்மலர் தலையை ஆட்டினாள்.

"நீங்க எதுவும் சொல்லாதீங்க மிஸ். நீங்க சொன்னா அப்புறம் அது என்னுதில்ல."

சாப்பாட்டுக்குப் பிறகு எஃப் பிரிவு வந்தது. செம்மலரின் முறை வந்தபோது வசந்தாமணி அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள். இரண்டு வருடமாகத் தெரிந்த முகத்தைப் படத்தோடு ஒப்பிட்டாள். பொத்தானை அழுத்தினாள்.

"முதல் கேள்வியைக் கேட்கலாம்," என்றது வினாமானி.

அவள் சொட்டுகளைப் பற்றித்தான் கேட்டாள். கழுவிய எவர்சில்வர் தட்டைச் சாய்த்துப் பிடித்தால் சில சொட்டுகள் ஓடுகின்றன, சில ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஓடுகிற சொட்டு நிற்கிற சொட்டை வழியில் சேர்த்துக்கொண்டு போகிறது. எவ்வளவு சாய்த்தால் எவ்வளவு பெரிய சொட்டு கிளம்பும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஒரு மணி நேரத்தில், பாதிச் சோற்றோடு யோசித்த கேள்வி. வசந்தாமணி கையைக் கோத்துக்கொண்டாள்.

"நல்ல கேள்வி. ஏற்கெனவே கேட்கப்பட்டுள்ளது. சென்ற ஆண்டு. மதிப்பெண் இல்லை. இரண்டாவது கேள்வியைக் கேட்கலாம்."

செம்மலர் நிதானமாக, தன் சொந்த வார்த்தைகளில், மூக்குக் கேள்வியைக் கேட்டாள். வாசலும் இல்லை, வீட்டுக்காரனும் இல்லை. ஆய்வகத்தில் முதன்முதலாக மூச்சு வாங்கச் சொன்னது போலவே இருந்தது. அது செல்லாது என்று தெரிந்தும் ஏன் ஒரு வாய்ப்பை வீணாக்குகிறாள் என்று வசந்தாமணி முதலில் பதறினாள். பிறகு புரிந்தது. தான் பெற்றதை ஒருமுறையாவது தன் வாயால் கூப்பிட்டுப் பார்க்கிறாள்.

"ஏற்கெனவே கேட்கப்பட்டுள்ளது. இன்று காலை. மதிப்பெண் இல்லை. மூன்றாவது கேள்வியைக் கேட்கலாம்."

"ஒரு கேள்விய நான் மொதல்ல யோசிச்சு, இன்னொருத்தர் மொதல்ல கேட்டுட்டாங்கன்னா," என்றாள் செம்மலர், "அத யோசிச்சது யாருன்னு நீங்க எப்படிக் கண்டுபுடிப்பீங்க?"

முதல் நாள் வகுப்பில் தான் சிரித்துத் தள்ளிவிட்டுப் போனது வளர்ந்து வந்து நின்றது. இது உளறல் அல்ல. சோதித்துப் பார்க்கலாம். யோசித்தவருக்கு அடுத்த கேள்வி தெரியும், ஒப்பித்தவருக்குத் தெரியாது, அப்படி ஒரு சோதனையை அந்தக் கருவிக்குள் வைத்துவிடக்கூட முடியும். இதை எந்தக் கேள்வி வியாபாரியும் விற்றிருக்க மாட்டான். இது இன்று மத்தியானம், இந்தப் பெண்ணின் வயிற்றெரிச்சலில் பிறந்தது. எழுந்து நின்று கை தட்டிவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

வினாமானி வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டது.

"நல்ல கேள்வி. ஏற்கெனவே கேட்கப்பட்டுள்ளது. இன்று ஒரு நாளில் மட்டும் மாநிலத்தில் நானூற்றுப் பன்னிரண்டு மாணவர்கள் கேட்டுள்ளனர். முதலில் கேட்டவருக்கு முழு மதிப்பெண் வழங்கப்பட்டுவிட்டது. தங்கள் தேர்வு நிறைவடைந்தது. நன்றி."

கண்ணாடிக்கு வெளியே அடுத்த பிள்ளை வந்து நின்றது. வசந்தாமணி கண்ணை மூடிக்கொண்டாள். நானூற்றுப் பன்னிரண்டு தண்ணீர்த் தொட்டிகள், நானூற்றுப் பன்னிரண்டு படிகள், ஒவ்வொன்றிலும் மடியில் ஈரத் தட்டோடு ஒரு பிள்ளை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, தன்னைப்போலவே நல்லெண்ணத்தோடு ஒரு ஆசிரியை.

செம்மலர் எழுந்திருக்கவில்லை. ஒலிவாங்கியின் பக்கம் கொஞ்சம் குனிந்தாள். கோபமாகப் பேசவில்லை. ஆய்வகத்தில் ஏதாவது புரியாதபோது எந்தக் குரலில் கேட்பாளோ அதே குரலில் கேட்டாள்.

"ஒரே நாள்ல இத்தன பேரு இதையே கேட்டிருக்கறாங்களே. ஏன்னு உங்களுக்குக் கேக்கத் தோணலீங்களா?"

வினாமானி மறுபடி நேரம் எடுத்துக்கொண்டது.

"இது புதிய கேள்வி. இதற்கு முன் எவரும் கேட்டதில்லை," என்றது. "ஆனால் தங்களுக்கு உரிய மூன்று கேள்விகளும் முடிந்துவிட்டன. மதிப்பெண்ணில் சேராது."

செம்மலர் நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். அடுத்த பிள்ளை உள்ளே வந்து உட்கார்ந்தது. வசந்தாமணி முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டாள். பொத்தானை அழுத்த வேண்டும். அவள் விரல் அதன்மேலேயே நின்றது. செம்மலர் கடைசியாகக் கேட்டதை இனி மாநிலத்தில் எந்தப் பிள்ளை கேட்டாலும், அது ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி.